வக்கீல் ஷான்லியின் தோல்பை

வக்கீல் ஒரு வீட்டுப் படியேறினால் அங்கே ஒன்று சாவு நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலிச் சண்டை நடந்திருக்க வேண்டும். டெரிகேலி கிராமத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பார்ட்லி கில்ரேன் செத்தும் போகவில்லை, யாரோடும் சண்டையும் போடவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்துக்கு, வக்கீல் ஃபெர்கல் ஷான்லியின் பச்சைக் கார் பார்ட்லியின் வாசலில் வந்து நிற்கும். ஷான்லி இறங்குவார். பின் இருக்கையிலிருந்து வயிறு உப்பிய தோல்பை ஒன்றை எடுத்துக்கொள்வார். கதவு சாத்தப்படும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. சமையலறை ஜன்னல் திரையும் இழுத்து மூடப்படும்.

பட்டப்பகலில் மூடுகிற அந்தத் திரைதான் அட்ராக்டா மல்வியின் நிம்மதியைக் கெடுத்தது.

அட்ராக்டா பார்ட்லியின் தங்கை. வாக்கப்பட்டது அடுத்த வயலுக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முட்செடி வேலிதான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் எண்டா, இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்துக் கார் தொழிற்சாலையில் இருந்தான். அவனுக்கு மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. அந்தக் குழந்தையை அட்ராக்டா ஒரே ஒரு முறைதான் தூக்கியிருந்தாள். அவளுடைய நிலம் கோரை மண்டிய சதுப்பு. நாலு மாட்டுக்குக்கூடப் புல் காணாது. ஏரிக்கரை வரை போகிற பார்ட்லியின் நிலம் அப்படியல்ல. பார்ட்லிக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அந்த நிலம் எண்டாவுக்கு என்று ஆனால், எண்டா கப்பலேறி வீட்டுக்கு வந்துவிடுவான்.

இதைப் பார்ட்லியிடம் வாய்விட்டுக் கேட்டுவிட முடியுமா? முடியாது. டெரிகேலியில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், நிலத்தை யாருக்கு எழுதப்போகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டவனுக்கு இல்லை என்பது எழுதாத சட்டம்.

சரி, ஷான்லிதான் யார்? வெளியூர்க்காரரா? இல்லை. ஏரிக்கு அக்கரையில் இருந்த தபால்காரரின் மகன். படிப்பில் கெட்டி. உதவித்தொகையில் டப்ளின் போய்ச் சட்டம் படித்தார். அங்கேயே பெரிய ஆளாகியிருக்கலாம். திரும்பி வந்து, பக்கத்து நகரமான கிலார்டனின் கடைத்தெருவில் இரும்புக்கடை மாடியில் பலகை மாட்டினார். வேலி வழக்கு, பாதை வழக்கு, அடுப்புக்குக் கரிமண் வெட்டுகிற உரிமை வழக்கு, பக்கத்து வீட்டுக் காளை செய்த அட்டகாச வழக்கு என்று எல்லாம் அவரிடம்தான் வந்தன. கோவிலுக்குப் போகும் குறுக்குப்பாதையை ஒரு பணக்காரன் அடைத்தபோது, வழக்காடித் திறந்து வைத்தார். அந்தப் பாதையில் நடந்தவர்கள் அவரை மாவட்ட மன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து டப்ளின் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள், ஒரு முறைக்கு மூன்று முறை.

அனுப்பினார்களே தவிர, நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. தொகுதியில் ஒரு சாவு விடாமல் போய்க் கை குலுக்குவார் ஷான்லி. "செத்தவன் வீட்டுக்காரங்களுக்கு முன்னாடியே இவருக்குச் சேதி போயிடுது" என்பார்கள். "அந்த மனுஷன் நாயைத் தடவிக் குடுத்தாக்கூட, அதுக்கு ஓட்டு இருக்கான்னு விசாரிச்சுட்டுத்தான் தடவுவார்" என்பாள் டிம்ஃப்னா. இந்த டிம்ஃப்னா பார்ட்லியின் எதிர் வீட்டுக்காரி. அவள் வீட்டு வாசலில் நின்றால் பாதி டெரிகேலி தெரியும். மீதிப் பாதியை அவளே ஊகித்துக்கொள்வாள்.

அவளிடம்தான் அட்ராக்டா ஒருநாள் வாய்விட்டாள்.

"அந்தப் பையில என்ன இருக்கும்னு நினைக்கிறே, டிம்ஃப்னா?"

"இது என்ன கேள்வி, கண்ணு? வக்கீல் பையில பத்திரம் இல்லாம பன்றிக்கறியா இருக்கும்? ஏரிக்கரை வயலைக் கேட்டு ஜெர்மன்காரங்க அலையுறாங்களாமே, மீன் பிடிக்க வீடு கட்டணும்னு. உங்க அண்ணன் தனியாள். இவர் நாக்குல தேன் தடவி..."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் அட்ராக்டா. "என் பிள்ளை வாயில மண்ணைப் போடப்போறார் அந்த ஆளு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஒரு வாரத்தில் அது ஏரியைச் சுற்றி மூன்று கோவில் பங்குகளுக்கும் போய், கிலார்டன் மாட்டுச்சந்தையில் இரண்டு கால் முளைத்துத் திரும்பி வந்தது. ஷான்லி பார்ட்லியின் வயலை எழுதி வாங்கிவிட்டார். இன்னும் இரண்டு கிழவர்களிடமும் வாங்கிவிட்டார். ஜெர்மன்காரன் முன்பணமே கொடுத்துவிட்டான். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தேர்தல். ஷான்லியின் படம் ஒட்டியிருந்த மின்கம்பங்களில் யாரோ கரியால் மீசை வரைந்தார்கள். அட்ராக்டாவுக்கு அது உறுத்தவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று நினைத்துக்கொண்டாள். நெருப்பு வைத்தவளே தான்தான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நம் எல்லோருக்கும் அது அப்போது தோன்றுவதில்லை.

பெரிய வியாழனுக்குப் பத்து நாள் முன்பு பங்குச்சாமியார் ஃபாதர் ரூனி அவள் வீட்டுக்கு வந்தார். ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக, அன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு ஆண்களின் வலது காலை அவர் கழுவ வேண்டும். பதினொரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"பன்னிரண்டாவது ஆள் கிடைக்கல, மிஸஸ் மல்வி. கூச்சப்படுறாங்க. ஆண்டவரைக் காட்டிக்குடுத்த யூதாஸுக்குக்கூட அன்னைக்கு இவ்வளவு கூச்சம் இருந்திருக்காது."

அட்ராக்டாவின் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. இரண்டு வருஷத்துக்கு முன் காளை பார்ட்லியைக் கொட்டகைக் கதவோடு வைத்து நசுக்கியதில் அவன் இடுப்பு போய்விட்டது. குனிய முடியாது. காலுறையையே அடுப்பு இடுக்கியால் பிடித்துத்தான் மாட்டுவான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் நாடா இல்லாத காலணி. டெரிகேலியில் எந்த ஆணும் அழுக்குக் காலோடு அந்தச் சடங்குக்குப் போக மாட்டான். சாமியார் கழுவுவதற்கு முன்பே பெண்டாட்டிமார் ஒரு வாரம் தேய்த்து அனுப்புவார்கள். பார்ட்லிக்கு யார் இருக்கிறார்கள்? தன்னிடம்தான் வந்தாக வேண்டும். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் எங்கே ஓடுவான்? அப்போது கேட்கலாம், பையில் என்ன, திரை எதற்கு என்று.

"பார்ட்லியைக் கூப்பிடுங்க, ஃபாதர். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பார்ட்லி ஒத்துக்கொண்டான். அட்ராக்டா புதிதாக ஒரு சோப்பு வாங்கி வைத்தாள். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, அவன் வரவில்லை. புதன்கிழமை அவளே வேலியோரம் போய் நின்று, "நாளைக்குக் கோவில்ல ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டாள்.

"உட்காரத்தானே சொல்லியிருக்காரு? உட்காரத் தெரியும் எனக்கு" என்றான் பார்ட்லி.

வியாழன் மாலை கோவில் நிறைந்திருந்தது. அட்ராக்டா மூன்றாவது வரிசையில் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜெபம் ஓடவில்லை. ஃபாதர் ரூனி ஒவ்வொருவர் முன்பாகவும் மண்டியிட்டு வந்தார். பார்ட்லியின் முறை வந்தது. பூசைக்கு உதவுகிற கோவில்பிள்ளை குனிந்து அவன் காலணியையும் காலுறையையும் கழற்றினார். அட்ராக்டா வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்ளத் தயாரானாள்.

மூட வேண்டியிருக்கவில்லை. சுத்தமான கால். குதிகாலில் ஒரு வெடிப்பு இல்லை. நகங்கள் குழந்தையின் நகம்போல ஒட்ட, நேராக வெட்டியிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பதினொரு கால்களும் பெண்டாட்டிகள் தேய்த்து அனுப்பிய கால்கள்தான். அவற்றில் ஒன்றும் இந்தக் காலுக்கு ஈடாகாது.

குனிய முடியாதவன் காலைப் பார்த்துக்கொள்வது யார்? நிலத்தை விட்டுவிட்டு அவள் சந்தேகம் வேறு பக்கம் பாய்ந்தது.

பூசை முடிந்து அவனை வீட்டில் கொண்டுவிட வந்தவள், அவனோடு உள்ளே போய் மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"யாரு அவ?"

"எவ?"

"உன் கால் நகத்தை வெட்டுறவ. மூடி மறைக்காதே பார்ட்லி. எந்தப் பொம்பளை?"

பார்ட்லி சிரித்தான். சிரிப்பு இருமலாகி, மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "பொம்பளையா! அவளுக்கு நடுமண்டையில வழுக்கை, பொண்ணே. டப்ளின்ல நாற்காலி ஒண்ணும் இருக்கு. அதுவும் அடுத்த வாரம் வரைக்கும்தான், நீங்க எல்லாரும் பேசுற பேச்சைப் பாத்தா."

அட்ராக்டா உட்கார்ந்தாள்.

பார்ட்லி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன், இடுப்பு போன புதிதில், உயில் எழுத ஷான்லிக்கு ஆள் அனுப்பியிருந்தான். அவர் வந்து தாளை விரித்தார். இவன் கெந்துவதைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். இவனால் முடியவில்லை. அவரே இழுத்தார்.

"நகம் வளைஞ்சு சதைக்குள்ள போயிருந்துச்சு. காலுறை ரத்தத்துல ஒட்டிக்கிச்சு. அந்த நாத்தத்துக்கு நாயே எழுந்து வெளிய போயிடுச்சு. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல. கோட்டைக் கழட்டி அந்த ஆணியில மாட்டினார். பேசின் எங்க இருக்குன்னு கேட்டார். கோர்ட்டுக்குப் போட்டுட்டுப் போற கால்சட்டையோட இந்தக் கல்தரையில மண்டி போட்டுட்டார். 'எங்கப்பா நாள் முழுக்க நடந்து தபால் குடுத்தவர், பார்ட்லி. சாயங்காலம் அவர் காலை நான்தான் பாத்துப்பேன். சட்டம் அதுக்கப்புறம் படிச்சதுதான்'னார். அன்னையிலருந்து வர்றார்."

"அப்ப அந்தப் பை?"

"துவாலை, உப்பு, கத்தரி, களிம்பு. வேற என்ன?"

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? நான் வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன்?"

"உன்கிட்டயா? உன்கிட்ட சொன்னா டிம்ஃப்னாவுக்குத் தெரியும். அப்புறம் நான் சந்தைக்குப் போனா எவனும் என் மாட்டைப் பாக்க மாட்டான், என் காலைத்தான் பாப்பான். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்." அடுப்பிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். "நீயும் கேக்கலையே, அட்ராக்டா. நான் கெந்துறதை நீ பாக்காம இருந்திருப்பியா?"

பார்த்திருந்தாள். ஏரிக்கரை வயலைப் பார்த்த கண்ணால் அதையும் பார்த்திருந்தாள். வேறொன்றைக் கேட்டாள்.

"அப்ப உயில்?"

"எழுதல. ஒவ்வொரு தடவையும் கேக்குறார். அடுத்த வாட்டி, அடுத்த வாட்டின்னு தள்ளிட்டே இருக்கேன். எழுதி முடிச்சிட்டா அவருக்கு இங்க என்ன வேலை? அதுமட்டும் இல்ல. நானும் இந்த ஊருல பொறந்தவன்தானே! ஓட்டுக்காகத்தான் மண்டி போடுறாரோன்னு எனக்கும் ஒரு ஓரத்துல இருக்கு. தேர்தல் முடியட்டும். ஓட்டு கேக்க வேண்டாத ஞாயித்துக்கிழமை வர்றாரான்னு பாக்கலாம். வந்தா எழுதுறேன். யார் பேருக்குன்னு உனக்கே தெரியும். வரலேன்னா, இந்த நிலத்தை எந்த ஜெர்மன்காரன் கொண்டு போனா எனக்கென்ன?"

வேலியைத் தாண்டி வீட்டுக்கு நடந்தபோது அட்ராக்டாவுக்குக் கால் தரையில் படவில்லை. மகிழ்ச்சியால் அல்ல, பயத்தால். மகன் வீடு திரும்புவது இப்போது ஷான்லியின் கையில் இருந்தது. ஷான்லியின் பேரைச் சேற்றில் போட்டவள் அவள். அது அவர் காதுக்குப் போனால் அந்த வீட்டுப் பக்கம் எதற்கு வருவார்?

பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை வழிபாடு முடிந்ததும் டிம்ஃப்னாவைப் பிடித்தாள்.

"நான் ஷான்லியைப் பத்திச் சொன்னது தப்பு. அவர் நிலத்துக்காக வரல."

"அப்படியா? பின்ன எதுக்கு வர்றார்?"

"அது... சொல்ல முடியாது."

"பையில என்ன?"

"அதையும் சொல்ல முடியாது."

டிம்ஃப்னா தலைத்துணியைக் கட்டிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஓகோ. உனக்கும் ஒரு பங்குன்னு ஆயிடுச்சா? நல்லா இரு, கண்ணு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, தங்கைக்காரியையும் ஷான்லி வாங்கிவிட்டார் என்று. தலையணையிலிருந்து உதறிய இறகைத் திரும்பப் பொறுக்க முடியாது என்று ஃபாதர் ரூனி ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னபோது அட்ராக்டா தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அது ஒவ்வொரு வார்த்தையாக நினைவுக்கு வந்தது.

ஈஸ்டர் பூசை முடிந்ததும், வழக்கப்படி கோவில் வாசல் மதிலோரம் வேட்பாளர்கள் பேசினார்கள். ஷான்லியின் முறை வந்தபோது ஜனம் கரைந்தது. ஆண்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் போய்ப் புகைபிடித்தபடி நின்றார்கள். மழைத்தூறலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சாலையைப் பற்றியும் ஆஸ்பத்திரியைப் பற்றியும் பேசி முடித்தார். யாரும் கை கொடுக்க முன்வரவில்லை. டெரிகேலியில் கை கொடுக்காமல் இருப்பது கல்லெறிவதற்குச் சமம்.

அட்ராக்டா தெருவைக் கடந்து அவரிடம் போனாள். ஊர் பார்க்கிறது என்பது முதுகில் தெரிந்தது. கையை நீட்டினாள்.

"சௌக்கியமா, மிஸஸ் மல்வி? உங்க அண்ணன் எப்படி இருக்கார்?" என்றார் ஷான்லி.

"நல்லா இருக்கார். வியாழக்கிழமை கோவில்ல அவர் காலை எல்லாரும் பாத்தோம்."

ஷான்லியின் காது மடல் சிவந்தது.

"மிஸ்டர் ஷான்லி, உங்களைப் பத்தி இந்தப் பேச்சைக் கிளப்பினது..."

"தெரியும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "மாட்டுச்சந்தையில எந்தப் பேச்சு எந்த வாசல்லருந்து கிளம்புச்சுன்னு தெரியலேன்னா நான் என்ன வக்கீல்?"

"பையில இருக்கிறதைத் திறந்து காட்டியிருந்தா ஒரே நாள்ல அடங்கியிருக்குமே!"

"பை என்னுது. கால் அவரோடதாச்சே, மிஸஸ் மல்வி."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த கோவிலுக்குப் புறப்பட்டார். அடுத்த ஞாயிறு வருவாரா என்று கேட்க அட்ராக்டாவுக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை வானொலியில் முடிவு வந்தது. தொகுதிக்கு இருந்த நாடாளுமன்ற நாற்காலிகளில் கடைசி ஒன்றுகூட ஷான்லிக்குக் கிடைக்கவில்லை. கிலார்டனில் சிலர் தார்ப் பீப்பாயைக் கொளுத்திக் கொண்டாடினார்கள். மின்கம்பத்துப் படங்களை யாரும் கழற்றவில்லை, மழையே கழற்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அட்ராக்டா கேட்காமலே பார்ட்லி வீட்டுக்கு வந்து, கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்தது, ஆறியது. மறுபடி வைத்தாள். ஜன்னல் வழியே இருவரும் சாலையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"வர மாட்டார்" என்றான் பார்ட்லி. "தோத்தவனுக்கு ஊரே முள்ளாத் தெரியும். எனக்கு அப்பவே தெரியும்." ஆனால் தலையைத் திருப்பவில்லை.

அட்ராக்டா மனத்துக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். எண்டாவுக்காகத்தான் தொடங்கினாள். பாதியில் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். முடிக்கும்போது அது எண்டாவுக்காக மட்டும் இருக்கவில்லை.

மூன்றாவது முறை கெட்டில் கொதித்தபோது பச்சைக் கார் வளைவில் திரும்பியது.

ஷான்லி கறுப்பு டையோடு உள்ளே வந்தார். கையில் பை. "மன்னிச்சுக்குங்க பார்ட்லி, நேரமாயிடுச்சு. மலையடிவாரத்துல கிழவர் மெக்கோவன் அடக்கம்."

"தோத்த பிறகுமா சாவுக்குப் போறீங்க?" பார்ட்லியால் நம்ப முடியவில்லை.

"பெட்டியில படுத்திருக்கிறவர் தேர்தல் முடிவைக் கேக்கலையே" என்றார் ஷான்லி, கோட்டை ஆணியில் மாட்டிக்கொண்டே. பிறகுதான் அட்ராக்டாவைப் பார்த்துத் தயங்கினார்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். எதிர் வாசலில் டிம்ஃப்னா நின்றிருந்தாள். அட்ராக்டா திரையை இழுத்து மூடினாள். பேசினில் வெந்நீர் ஊற்றி, முழங்கை வைத்துச் சூடு பார்த்து, கல்தரையில் வைத்தாள்.

வலது கால் முடிந்து இடது கால் தண்ணீரில் இருந்தபோது பார்ட்லி தொண்டையைச் செருமினான்.

"ஃபெர்கல், இது முடிஞ்சதும் கையைக் கழுவிட்டு ஒரு தாளை எடுங்க. அந்த உயில்... எங்க எண்டா பேருக்கு."

ஷான்லி நிமிரவில்லை. நகத்தோரம் களிம்பு வைத்துக்கொண்டே, "ரெண்டு சாட்சி வேணும்" என்றார். "மிஸஸ் மல்வி இருக்கக் கூடாது. மகனுக்கு எழுதும்போது அம்மா பக்கத்துல இருந்தா, நாளைக்கு ஊர் சும்மா விடுமா? பக்கத்துல வேற யார் இருக்காங்க?"

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"டிம்ஃப்னாவும் அவ வீட்டுக்காரரும்தான்" என்றான் பார்ட்லி, புளித்த பாலைக் குடித்தவன்போல.

"நான் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் அட்ராக்டா.

தெருவைக் கடந்தபோது டிம்ஃப்னாவே தன் கேட் வரை எதிரில் வந்துவிட்டாள். "என்னடி நடக்குது உள்ளே? திரையை நீயே மூடுறே?"

"வக்கீல் உன்னையும் உன் வீட்டுக்காரரையும் கூப்பிடுறார். சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"நானா? சாட்சியா? அந்த வீட்டுக்குள்ளயா?" டிம்ஃப்னா அப்போதே ஏப்ரனை அவிழ்க்கத் தொடங்கிவிட்டாள். இன்னும் நாலு நொடியில் கதவைத் திறந்துகொண்டு நுழைந்துவிடுவாள்.

உள்ளே ஒரு கால் இன்னும் ஈரமாக இருக்கும். துவட்ட வேண்டும், காலுறை மாட்ட வேண்டும், பேசினைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். துவாலை மடிந்து பைக்குள் போக வேண்டும்.

அட்ராக்டா உள்ளே நுழைந்து டிம்ஃப்னாவின் கேட்டை உள்பக்கமாகச் சாத்தி, அதன்மேல் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல" என்றாள். "ஆமா, உன் கோழிங்க இந்த வருஷம் எப்படி முட்டை வைக்குது? ஒண்ணு விடாமச் சொல்லு."